இரண்டு ரூட்டர்கள், ஒரு கேட்வே: வாசகர் கேள்வி பதில்

அலுவலகத்தின் இணைய இணைப்பு அறுந்தாலோ ரூட்டர் பழுதானாலோ, மாற்று ரூட்டர் தானாகப் பொறுப்பேற்கும்படி அமைப்பது குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் ஏழுக்கு இந்த இதழில் விடை தருகிறேன். ஒன்றையொன்று தொட்டுச் செல்லும் கேள்விகள் என்பதால், முன் பதிலில் எடுத்த எடுத்துக்காட்டே பின் பதில்களிலும் தொடர்கிறது.

கேள்வி: எங்கள் நூற்பாலை அலுவலகத்தில் அறுபது கணினிகள் இருக்கின்றன. இரண்டு நிறுவனங்களிடம் ஃபைபர் இணைப்பு வாங்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு ரூட்டர் வைத்திருக்கிறோம். ஒன்று நின்றுபோனால் ஒவ்வொரு கணினியாகச் சென்று கேட்வே முகவரியை மாற்ற வேண்டியிருக்கிறது. இது தானாக நடக்க வழி உண்டா? (கோயம்புத்தூர் வாசகர்)

பதில்: உண்டு. கணினிகள் தாமாக ஏன் மாறிக்கொள்வதில்லை என்பதை முதலில் பார்த்துவிடுவோம். தன் வலையமைப்புக்கு வெளியே போக வேண்டிய எல்லாத் தரவுப் பொட்டலங்களையும் கணினி ஒப்படைப்பது ஒரே இடத்தில்தான். அந்த இடமே கேட்வே. கேட்வேயின் ஐ.பி. முகவரிக்கு உரிய மேக் முகவரி (கருவியின் வன்பொருள் முகவரி) எது என்று ஏ.ஆர்.பி. நெறிமுறையின் மூலம் கேட்டறிந்து, அதை நினைவில் வைத்துக்கொண்டு, பிறகு வருவதையெல்லாம் கணினி அங்கேயே அனுப்பிக்கொண்டிருக்கும். கொடுத்த பொட்டலம் இணையத்தைச் சென்றடைந்ததா என்று அது கேட்வேயை விசாரிப்பதில்லை. கணினிகளுக்குத் தானாக முகவரி வழங்கும் டி.எச்.சி.பி. வழியாக இரண்டு கேட்வே முகவரிகளைக் கொடுத்துவிட்டால் போதும் என்று சிலர் எண்ணுகிறார்கள். இரண்டாவது முகவரியை எப்போது எடுத்துக்கொள்வது, எடுத்துக்கொள்வதா வேண்டாமா என்பதில் ஒவ்வோர் இயங்குதளமும் ஒரு வகையாக நடந்துகொள்கிறது. வருகைப்பதிவுக் கருவி, அச்சுப்பொறி போன்றவை முதல் முகவரியைத் தவிர வேறொன்றை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. அதை நம்பி அலுவலகத்தை நடத்த முடியாது.

ஆகவே கணினிகளை அப்படியே விட்டுவிட்டு ரூட்டர்களில் வேலையைத் தொடங்க வேண்டும். ஒரு ரூட்டருக்கு 192.168.10.2 என்றும் மற்றொன்றுக்கு 192.168.10.3 என்றும் முகவரி கொடுங்கள். இரண்டில் எதற்கும் நிலையாகச் சொந்தமில்லாத 192.168.10.1 என்ற மூன்றாவது முகவரியை மெய்நிகர் முகவரியாக வைத்து, எல்லாக் கணினிகளுக்கும் அதையே கேட்வேயாகச் சொல்லுங்கள். எந்த நேரத்திலும் இரண்டில் ஒரு ரூட்டர் மட்டுமே அந்த முகவரியைத் தாங்கி நிற்கும். அது விழுந்தால் மற்றது எடுத்துக்கொள்ளும். இதற்கான பொது நெறிமுறையின் பெயர் வி.ஆர்.ஆர்.பி. அதில் ஐ.பி. முகவரியோடு மேக் முகவரியும் மெய்நிகரானதே. 00-00-5ஈ-00-01 என்று தொடங்கும் அதன் கடைசி இரண்டு இலக்கங்கள் இரண்டு ரூட்டர்களையும் ஒரு குழுவாகச் சேர்க்க நீங்கள் கொடுக்கும் குழு எண்ணைக் குறிக்கும். ரூட்டர் மாறினாலும் இரண்டு முகவரிகளும் மாறாததால், கணினிகளின் நினைவில் இருப்பது பழையதாகிவிடுவதில்லை. அந்த மேக் முகவரி இப்போது எந்தத் துளையில் இருக்கிறது என்பதை, கேபிள்களையெல்லாம் இணைக்கும் சுவிட்ச் மட்டும் புதிதாக அறிந்துகொள்ள வேண்டும்; பொறுப்பேற்ற ரூட்டர், யாரும் கேட்காமலேயே ஓர் ஏ.ஆர்.பி. அறிவிப்பைப் பரப்பி அதையும் தெரிவித்துவிடுகிறது.

பொறுப்பில் உள்ள ரூட்டர் விநாடிக்கு ஒரு முறை 224.0.0.18 என்ற குழு முகவரிக்கு ‘நான் இருக்கிறேன்’ என்று அறிவிப்பு அனுப்புகிறது. காத்திருக்கும் ரூட்டர் மூன்று அறிவிப்பு இடைவெளிகளும் அதற்கு மேல் சிறிது நேரமும் பொறுத்துப் பார்த்து, ஒன்றும் வராவிட்டால் முகவரியை எடுத்துக்கொள்கிறது. அந்தச் சிறிது நேரம், ஒவ்வொரு ரூட்டருக்கும் நாம் கொடுக்கும் முன்னுரிமை எண்ணிலிருந்து (பெரிய எண் உள்ளதற்கே பொறுப்பில் முதலிடம்) கணக்கிடப்படுகிறது: 256இலிருந்து முன்னுரிமை எண்ணைக் கழித்து, 256ஆல் வகுத்தால் கிடைப்பது எத்தனை விநாடியோ அவ்வளவு. முன்னுரிமை 100 உள்ள ரூட்டருக்கு அது 0.6 விநாடி, மொத்தக் காத்திருப்பு 3.6 விநாடி. காத்திருக்கும் ரூட்டர்கள் பல இருந்தால், எண் பெரிதாக உள்ளதற்குக் காத்திருப்பு குறைவு என்பதால் அதுவே முந்திக்கொள்ளும். எல்லாம் ஒரே கணத்தில் பாய்ந்து மோதிக்கொள்ளாமல் இருப்பதற்கான ஏற்பாடு இது. பராமரிப்புக்காக ரூட்டரை முறைப்படி நிறுத்தினால், அது முன்னுரிமை 0 என்று அறிவித்துவிட்டுப் போகும். அப்போது மூன்று விநாடி காத்திருப்பும் தேவைப்படாது.

இணைப்பு நிறுவனங்கள் கொடுக்கும் சிறிய பெட்டிகளில் பெரும்பாலும் இந்த வசதி இருப்பதில்லை. அவற்றைப் பிரிட்ஜ் நிலைக்கு (ரூட்டர் வேலை செய்யாமல் இணைப்பை மட்டும் கடத்தும் நிலைக்கு) மாற்றிவிட்டு, அவற்றுக்குப் பின்னால் வி.ஆர்.ஆர்.பி. தெரிந்த இரண்டு ரூட்டர்களை வைக்க வேண்டும். மைக்ரோடிக் ரூட்டர்களிலும், லினக்ஸ் கணினியில் கீப்அலைவ்டி என்னும் மென்பொருளிலும் இது கிடைக்கிறது. உங்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் அனுபவத்தில், சிறிய அலுவலகங்களில் ரூட்டர் பழுதாவதைவிட ஃபைபர் அறுவதே மிகுதி. இரண்டு இணைப்புகளையும் வாங்கிக்கொள்ளும் ஒரே ரூட்டரை வைத்தால் அந்தத் தொல்லை அதிலேயே தீர்ந்துவிடும். ரூட்டரே செத்தாலும் வேலை நிற்கக் கூடாது என்ற தேவை இருந்தால் மட்டும் இரண்டு ரூட்டர் ஏற்பாட்டுக்குச் செல்லுங்கள். நூற்பாலையில் மின் அழுத்தம் ஏறி இறங்கும் சூழலில் கருவிகள் எரிந்துபோவது புதிதல்ல என்பதால், உங்களுக்கு அந்தத் தேவை இருக்கக்கூடும்.

கேள்வி: வி.ஆர்.ஆர்.பி., எச்.எஸ்.ஆர்.பி., கார்ப் என்று மூன்று பெயர்கள் பாடப்புத்தகங்களில் வருகின்றன. மாணவர்களுக்கு வேறுபாட்டை எப்படிச் சொல்வது? (திருச்சிராப்பள்ளி பாலிடெக்னிக் ஆசிரியர்)

பதில்: மூன்றும் ஒரே வேலையைச் செய்கின்றன, தோன்றிய வரலாற்றைச் சொன்னால் வேறுபாடு தானே விளங்கும். எச்.எஸ்.ஆர்.பி. சிஸ்கோ நிறுவனத்துக்கு உரியது. அதன் விளக்கம் 1998 மார்ச்சில் ஆர்.எஃப்.சி. (இணைய நெறிமுறைகளை விளக்கும் பொது ஆவண வரிசை) 2281 என்று வெளியானது. எந்த நிறுவனத்தின் கருவியும் கடைப்பிடிக்கக்கூடிய பொதுத் தரமாக வி.ஆர்.ஆர்.பி. அடுத்த மாதமே, 1998 ஏப்ரலில், ஆர்.எஃப்.சி. 2338 ஆக வந்தது. சிஸ்கோவின் காப்புரிமை வி.ஆர்.ஆர்.பி.யையும் தொடுகிறது என்ற சர்ச்சை எழுந்தபோது, ஓபன்பிஎஸ்டி என்ற இயங்குதளத்தை உருவாக்கும் குழுவினர் அதைப் பயன்படுத்த மனமில்லாமல் கார்ப் என்ற தங்கள் நெறிமுறையை உருவாக்கி, 2004 மே மாதம் வெளியான ஓபன்பிஎஸ்டி 3.5இல் சேர்த்தார்கள். பிஎஃப்சென்ஸ், ஆப்ன்சென்ஸ் ஆகிய தீயரண்களில் (ஃபயர்வால்) இன்று இருப்பது அந்தக் கார்ப்தான்.

நடைமுறையில் மாணவர்கள் நினைவில் வைக்க வேண்டிய வேறுபாடுகள் சில உண்டு. எச்.எஸ்.ஆர்.பி. மூன்று விநாடிக்கு ஒரு முறை அறிவித்து, பத்து விநாடி காத்திருக்கும். யாரும் மாற்றாவிட்டால் வி.ஆர்.ஆர்.பி.யைவிட மெதுவானது. அது யு.டி.பி. நெறிமுறையின் 1985ஆம் போர்ட்டில் (வாயில் எண்ணில்) பேசும், வி.ஆர்.ஆர்.பி.க்குப் போர்ட் கிடையாது, 112 என்ற தனி ஐ.பி. நெறிமுறை எண்ணில் பேசும். கார்ப்பும் அதே 112ஐயும் அதே வகை மேக் முகவரிகளையும் எடுத்துக்கொண்டது. ஆகவே ஒரே வலையமைப்பில் கார்ப் இணை ஒன்றும் வி.ஆர்.ஆர்.பி. இணை ஒன்றும் ஒரே குழு எண்ணோடு இயங்கினால் இரண்டும் ஒன்றையொன்று கெடுக்கும். பொறுப்பில் உள்ள ரூட்டரை ‘மாஸ்டர்’ என்று பழைய புத்தகங்கள் சொல்லும். 2024 ஏப்ரலில் வெளியான ஆர்.எஃப்.சி. 9568 அதை ‘ஆக்டிவ்’ என்று மாற்றியிருக்கிறது. தேர்வுக்குப் படிக்கும் மாணவர்கள் இரண்டு சொற்களையும் அறிந்திருக்க வேண்டும்.

கேள்வி: வி.ஆர்.ஆர்.பி. அமைத்து, லேன் (உள்வலையமைப்பு) கேபிளைப் பிடுங்கிச் சோதித்தோம். நான்கு விநாடிக்குள் மாறியது. ஆனால் சென்ற மாதம் சாலைப் பணியில் ஃபைபர் அறுந்தபோது எதுவுமே மாறவில்லை. இரண்டாவது இணைப்பு நன்றாக இருந்தும் இரண்டு மணி நேரம் அலுவலகமே இணையம் இல்லாமல் இருந்தது. எங்கே தவறினோம்? (ஈரோடு வாசகர்)

பதில்: இந்த மாதம் வந்த கேள்விகளில் மிக முக்கியமானது உங்களுடையது. முகவரி கைமாறுவது இந்த ஏற்பாட்டின் எளிய பகுதி. ‘இந்த ரூட்டர் இனிப் பயன்படாது’ என்பதை யார், எதைப் பார்த்து முடிவு செய்கிறார்கள் என்பதே கடினமான பகுதி. அதை நாம் சொல்லிக்கொடுக்காவிட்டால் நெறிமுறை தானாக ஊகித்துக்கொள்ளாது.

உங்கள் அலுவலகத்தில் நடந்ததைப் பாருங்கள். ஃபைபர் அறுந்தது சாலையில். ஃபைபரைப் பெற்று லேன் கேபிளாக மாற்றித் தரும் ஓ.என்.டி. பெட்டிக்கு மின்சாரம் இருந்தது. அதிலிருந்து ரூட்டருக்கு வரும் கேபிளின் விளக்கும் எரிந்துகொண்டுதான் இருந்தது. ரூட்டரின் கண்ணுக்கு எல்லாம் நலமே. உள்பக்கம் விநாடிக்கு ஒரு முறை ‘நான் இருக்கிறேன்’ என்ற அறிவிப்பும் தவறாமல் போய்க்கொண்டிருந்தது. வி.ஆர்.ஆர்.பி. கேட்பது ரூட்டர் உயிரோடு இருக்கிறதா என்பதை மட்டும். அந்த ரூட்டருக்கு அப்பால் வழி இருக்கிறதா என்று அது கேட்பதே இல்லை. எல்லாக் கணினிகளும் நலமாக உள்ள ஒரு ரூட்டரிடம் பொட்டலங்களைக் கொடுக்க, அது அவற்றை எங்கும் சேர்க்க முடியாமல் கைவிட்டுக்கொண்டிருந்தது.

இதற்கு வழி, ரூட்டரே வெளியுலகைத் தொட்டுப் பார்த்து, தொட முடியாவிட்டால் தன் முன்னுரிமை எண்ணைத் தானே குறைத்துக்கொள்வது. கருவிக்குக் கருவி பெயர் மாறினாலும் ‘டிராக்’ என்ற சொல் எல்லாவற்றிலும் வரும். முதல் ரூட்டருக்கு முன்னுரிமை 150, இரண்டாவதற்கு 100 என்று வைத்து, வெளிவழி கிடைக்காதபோது 60 குறைய வேண்டும் என்று இரண்டிலும் எழுதுங்கள். முதலாவதன் ஃபைபர் அறுந்தால் அதன் எண் 90 ஆகி, 100 உள்ளது பொறுப்பேற்கும். இரண்டு ஃபைபரும் அறுந்தால் 90க்கு எதிரில் 40 என்று ஆகிப் பொறுப்பு முதல் ரூட்டரிடமே நிற்கும். கழித்தலை ஒரு தாளில் எழுதிப் பார்த்துவிட்டு அமையுங்கள். எச்.எஸ்.ஆர்.பி.யில் நாம் எண் சொல்லாவிட்டால் குறைவது 10 மட்டுமே; 120க்கும் 100க்கும் இடையில் 10 குறைந்து 110 ஆனால் ஒன்றும் நடக்காது. அதே எச்.எஸ்.ஆர்.பி.யில் பிரியெம்ப்ட் (பெரிய எண் உள்ளது பொறுப்பைப் பறித்துக்கொள்ளுதல்) என்ற அனுமதி இயல்பாக அணைந்திருக்கும். காத்திருக்கும் ரூட்டரில் அதை இயக்காவிட்டால், எதிரியின் எண் எவ்வளவு தாழ்ந்தாலும் அது பொறுப்பைக் கேட்டு வாங்காது. வி.ஆர்.ஆர்.பி.யில் அந்த அனுமதி இயல்பாகவே இயங்கும்.

கீப்அலைவ்டி பயன்படுத்துவோருக்கு ஓர் எச்சரிக்கை. சோதனை நிரலுக்கு வெயிட் என்ற எடையைக் கொடுக்காமல் விட்டால், சோதனை தோற்றவுடன் அந்த ரூட்டர் பழுது நிலைக்குப் போய் முகவரியை முற்றிலும் விட்டுவிடும். இரண்டு இணைப்புகளும் ஒரே நேரத்தில் தடுமாறினால் கேட்வே முகவரியைத் தாங்க ஒருவரும் இல்லாமல் போவார்கள். இணையம் போனதோடு, மாடிக்கு மாடி வி.லேன் (ஒரே சுவிட்சுக்குள் பிரித்த தனி வலையமைப்பு) பிரித்திருக்கும் அலுவலகத்தில் உள்வழிப் போக்குவரத்தும் நின்றுவிடும். எதிர்மறை எடை கொடுத்து எண்ணைக் குறைப்பதே பாதுகாப்பானது.

எதைத் தொட்டுப் பார்ப்பது என்பதிலும் நிதானம் வேண்டும். இணைப்பு நிறுவனத்தின் முதல் கேட்வேயை மட்டும் பிங் செய்தால் (சிறு பொட்டலம் அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்த்தால்), அந்த நிறுவனத்தின் உள்ளேயோ அதற்கு அப்பாலோ ஏற்படும் முறிவு தெரியாது. 8.8.8.8 போன்ற தொலைவான ஒரே முகவரியை மட்டும் நம்பினால், அது ஒரு நாள் பதில் சொல்லாமல் இருந்தால் நல்ல இணைப்பையும் கைவிடுவோம். கூகுளின் 8.8.8.8, கிளவுட்ஃபிளேரின் 1.1.1.1, தளப் பெயர்களுக்கு முகவரி சொல்லும் இணைப்பு நிறுவனத்தின் டி.என்.எஸ். சர்வர் என்று வெவ்வேறு இடங்களில் உள்ள மூன்றை எடுத்து, மூன்றும் பதில் தராதபோது மட்டும் தோல்வி என்று கொள்ளுங்கள். அந்தச் சோதனைப் பொட்டலம் உரிய ஃபைபர் வழியாகவே வெளியேறும்படி அம்மூன்று முகவரிகளுக்கும் நிலையான வழியை எழுதிவிட வேண்டும். இதைத் தவறவிட்ட ஓர் இடத்தில் நான் ஒரு பகல் முழுவதும் திண்டாடியிருக்கிறேன். அங்கே முதல் ரூட்டர், தன் ஃபைபர் அறுந்ததும், மாற்று வழியாக இரண்டாம் ரூட்டரைப் பிடித்துக்கொண்டது. அதன் பிங் இரண்டாம் இணைப்பின் வழியாக வெற்றி பெற்றது. உடனே தான் குணமாகிவிட்டதாக எண்ணிப் பொறுப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டது, மறுபடி தோற்றது, மறுபடி வாங்கியது. கணினிகளின் முன் அமர்ந்திருந்தவர்களுக்கு இணையம் நிமிடத்துக்கு நிமிடம் வந்து வந்து போயிற்று.

இரண்டு விநாடிக்கு ஒரு முறை பிங், தொடர்ந்து மூன்று தோற்றால் தோல்வி, மீண்டும் நலம் என்று அறிவிக்கத் தொடர்ந்து பதினைந்து வெற்றி என்ற அளவு என் கைக்கு ஒத்துவந்திருக்கிறது. தோல்வியை உணர ஆறு விநாடி. அதன்பின், தன்னைவிடத் தாழ்ந்த எண்ணோடு வரும் அறிவிப்புகளைக் காத்திருக்கும் ரூட்டர் ஒதுக்கித் தள்ளிவிட்டுத் தன் 3.6 விநாடியை எண்ணி முடிக்கும். ஆக, பத்து விநாடிக்குள் அலுவலகம் மறு இணைப்பில் இருக்கும்.

கேள்வி: எங்கள் இரண்டு ரூட்டர்களும் ‘நானே மாஸ்டர்’ என்று காட்டுகின்றன. இணையம் விட்டு விட்டு வேலை செய்கிறது. (சென்னை வாசகர்)

பதில்: ஒன்றின் அறிவிப்பு மற்றொன்றின் காதில் விழவில்லை என்பதே இதன் பொருள். இரண்டும் ஒரே மேக் முகவரியைத் தமது என்று சொல்வதால், சுவிட்ச் அந்த முகவரியை ஒரு துளையிலிருந்து மறு துளைக்கு ஓயாமல் மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறது. இணையம் விட்டு விட்டு வருவது அதனால்தான்.

நான் அதிகம் கண்ட காரணம் தீயரண். வி.ஆர்.ஆர்.பி. 112இல் பேசுகிறது என்று படித்துவிட்டு, டி.சி.பி.யிலும் யு.டி.பி.யிலும் 112ஆம் போர்ட்டைத் திறந்து வைப்பார்கள். திறக்க வேண்டியது 112 என்ற நெறிமுறை எண்ணை. அடுத்த காரணம் அமைப்பு முரண்பாடு. குழு எண் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். வி.ஆர்.ஆர்.பி.யின் இரண்டாம் பதிப்பில் அறிவிப்பு இடைவெளியும் ஒன்றாகவே இருக்க வேண்டும். வேறுபட்டால், வந்த அறிவிப்பைக் குப்பையில் போடும்படி தரமே சொல்கிறது. ஒரு ரூட்டர் இரண்டாம் பதிப்பிலும் மற்றது மூன்றாம் பதிப்பிலும் பேசினாலும் இதே கதி. இவையெல்லாம் சரியாக இருந்தும் தீரவில்லை என்றால், இரண்டு ரூட்டர்களும் உண்மையிலேயே ஒரே வி.லேனில் இருக்கின்றனவா என்றும், குழு முகவரிப் பொட்டலங்களைத் தேர்ந்தெடுத்து அனுப்பும், சுவிட்சின் ஐ.ஜி.எம்.பி. ஸ்னூப்பிங் வசதி 224.0.0.18க்குச் செல்லும் பொட்டலங்களை விழுங்குகிறதா என்றும் பாருங்கள். காத்திருக்கும் ரூட்டரில் வந்து போகும் பொட்டலங்களைக் காட்டும் டி.சி.பி.டம்ப் நிரலை ஓட்டினால் ஒரு நிமிடத்தில் விடை கிடைக்கும்: விநாடிக்கு ஒரு பொட்டலம் வந்துகொண்டிருந்தால் குறை அமைப்பிலோ ரூட்டரின் தீயரணிலோ இருக்கிறது, வராவிட்டால் எதிர் ரூட்டரிலோ இடையில் உள்ள சுவிட்சிலோ இருக்கிறது.

சிலர் இந்தத் தொல்லையைத் தவிர்க்க இரண்டு ரூட்டர்களுக்கும் இடையே தனிக் கேபிள் போட்டு, அறிவிப்புகளை அதில் அனுப்புகிறார்கள். வேண்டாம் என்பேன். அறிவிப்பு எந்த வலையமைப்புக்காகவோ அந்த வலையமைப்பின் வழியாகவே போனால்தான், அங்கே ஏற்படும் முறிவும் அதன் மூலம் தெரியவரும். தனிக் கேபிளில் அறிவிப்பு ஓடிக்கொண்டிருக்கும்போது பொறுப்பில் உள்ள ரூட்டரின் லேன் கேபிள் கழன்றால், காத்திருக்கும் ரூட்டர் ஒன்றும் அறியாமல் அமைதியாக இருந்துவிடும்.

கேள்வி: ரூட்டர் மாறும் அந்தச் சில விநாடிகளில் வங்கிப் பரிவர்த்தனையும் காணொளி அழைப்பும் அறுந்துபோகின்றன. அறாமல் மாற வழி இல்லையா? (மதுரை வாசகர்)

பதில்: வெவ்வேறு நிறுவனங்கள் தம் முகவரிகளோடு தரும் இரண்டு இணைப்புகள் என்றால், இல்லை. ஒரு டி.சி.பி. இணைப்பை அடையாளம் காட்டுபவை நான்கு: அனுப்புபவரின் முகவரி, போர்ட், பெறுபவரின் முகவரி, போர்ட். உங்கள் கணினியின் உள்முகவரி, ரூட்டரின் நாட் வழியாக, இணைப்பு நிறுவனம் கொடுத்த பொது முகவரியாக மாறியே வங்கியின் சர்வரைச் சென்றடைகிறது. இணைப்பு மாறினால் பொது முகவரி மாறுகிறது. வங்கியின் சர்வருக்கு நீங்கள் முன்பின் தெரியாத புதியவர். முதல் நிறுவனத்தின் முகவரியையே வைத்துக்கொண்டு இரண்டாம் நிறுவனத்தின் வழியாக அனுப்பலாமே என்றால், தன்னுடையதல்லாத மூல முகவரியோடு வரும் பொட்டலத்தைத் தடுக்க வேண்டும் என்று 2000ஆம் ஆண்டின் ஆர்.எஃப்.சி. 2827 இணைப்பு நிறுவனங்களுக்கு அறிவுறுத்துகிறது. அது சரியான அறிவுரையும்கூட.

அறாமல் மாறுவதற்கு வழிகள் இரண்டு. ஒரே நிறுவனத்திடம் இரண்டு இணைப்பு வாங்கி, பொது முகவரியும் ரூட்டர்களுக்கிடையே கைமாறும்படி செய்து, நடப்பு இணைப்புகளின் பட்டியலையும் உடனுக்குடன் பகிர்ந்துகொள்ளச் செய்யலாம். லினக்ஸில் கான்ட்ராக்டி, ஓபன்பிஎஸ்டியில் பிஎஃப்சிங்க் இதைச் செய்கின்றன. அந்த நிறுவனமே முடங்கினால் இரண்டும் போய்விடும். மற்றொரு வழி, சொந்த முகவரித் தொகுதியும், வலையமைப்பைத் தனியே அடையாளம் காட்டும் தன்னாட்சி அமைப்பு எண்ணும் பெற்று, வலையமைப்புகள் வழிகளைப் பரிமாறிக்கொள்ளும் பி.ஜி.பி. நெறிமுறை மூலம் இரண்டு நிறுவனங்களின் வழியாகவும் உலகுக்கு அறிவிப்பது. இந்தியாவில் இவற்றை வழங்குவது இந்தியத் தேசிய இணையப் பரிமாற்ற அமைப்பான நிக்சியின் கீழ் இயங்கும் ஐ.ஆர்.ஐ.என்.என். பதிவகம். ஐ.பி.வி4இல் 256 முகவரிகளுக்குக் குறைந்த தொகுதியை உலக வழிப்பட்டியல்கள் பொதுவாக ஏற்பதில்லை. மருத்துவமனை, பங்குத் தரகு நிலையம் போன்றவற்றுக்கு இது தகும். சிறிய அலுவலகத்துக்குத் தேவையில்லை என்பது என் கருத்து.

ஓர் ஆறுதல் உண்டு. 2021இல் தரமாக்கப்பட்ட குவிக் நெறிமுறை, இணைப்பை முகவரியால் அடையாளம் காணாமல் தனி அடையாள எண்ணால் காண்பதால், அதில் பேசும் தளங்களுக்கு முகவரி மாறினாலும் இணைப்பு பிழைக்க வாய்ப்பு உண்டு. கிளை அலுவலகங்களுக்கு வயர்கார்டு வி.பி.என். (இணையத்தின் ஊடே மறையாக்கிய தனி வழி) வைத்திருந்தால், அதுவும் புதிய முகவரியிலிருந்து வரும் முதல் மெய்யான பொட்டலத்தைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்ளும். வங்கிப் பரிவர்த்தனையைப் பொறுத்தவரை, அறுந்தபின் மீண்டும் அழுத்துவதற்கு முன் கணக்கு அறிக்கையைப் பார்க்கும்படி பணியாளர்களிடம் சொல்லிவையுங்கள்.

கேள்வி: பழுது சரியான பின் பழைய ரூட்டர் தானாகப் பொறுப்பைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாமா? (சேலம் வாசகர்)

பதில்: இரண்டு இணைப்புகளும் ஒரே வேகம் என்றால் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை, ஒவ்வொரு மாற்றமும் முன் பதிலில் சொன்ன அறுப்பைக் கொண்டுவரும் என்பதால், காரணமில்லாத மாற்றம் ஒன்று குறைவது நல்லதே. ஆனால் பிரியெம்ப்ட்டை முற்றிலும் அணைத்தால், ஈரோடு வாசகருக்குச் சொன்ன எண் குறைக்கும் ஏற்பாடும் படுத்துவிடும் என்பதை மறக்கக் கூடாது. அப்போது தோற்ற ரூட்டர் பழுது நிலைக்குப் போய் முகவரியை விட்டால்தான் மற்றது எடுக்கும். கீப்அலைவ்டியில் நோபிரியெம்ப்ட் என்று எழுதுபவர்கள் இரண்டு ரூட்டர்களின் தொடக்க நிலையையும் பேக்கப் என்றே எழுத வேண்டும். மாஸ்டர் என்று எழுதினால் அது பலிக்காது.

இரண்டாவது இணைப்பு மெதுவானதென்றால் திரும்புவது அவசியம். அதைத் தாமதித்துச் செய்யுங்கள். மின்சாரம் வந்து எழுந்த ரூட்டர், தன் ஃபைபர் இணைப்பு நிலைபெறுவதற்கு முன்பே பொறுப்பைப் பறித்துக்கொண்டால், நன்றாக ஓடிக்கொண்டிருந்த அலுவலகம் மறுபடி நிற்கும். பிரியெம்ப்ட் தாமதம் என்ற அமைப்பில் மூன்று நிமிடம் கொடுத்தால் பெரும்பாலும் போதும்.

கேள்வி: எல்லாம் அமைத்துவிட்டோம். உண்மையில் வேலை செய்யுமா என்று எப்படி உறுதிசெய்வது? (தூத்துக்குடி வாசகர்)

பதில்: ரூட்டர்களைவிட்டு எழுந்து, கட்டடத்தைச் சுற்றி ஒரு முறை நடந்து வாருங்கள். இரண்டு ரூட்டர்களும் ஒரே யு.பி.எஸ்.ஸில் செருகப்பட்டிருக்கின்றனவா? இரண்டும் ஒரே சுவிட்சில் முடிகின்றனவா? டி.எச்.சி.பி. சர்வர் முதல் ரூட்டரில் மட்டும் இருந்தால், அது விழுந்த அன்று காலை கணினியை இயக்குபவருக்கு முகவரியே கிடைக்காது. தெருவுக்கும் செல்லுங்கள். நான் ஆலோசனை சொன்ன ஓர் அலுவலகத்தில், இரண்டு நிறுவனங்களின் ஃபைபரும் தெருமுனைக் கம்பத்திலிருந்து ஒரே கம்பியில் சேர்த்துக் கட்டப்பட்டு வந்தன. அடைமழையில் மரக்கிளை ஒன்று முறிந்து விழுந்தபோது இரண்டும் ஒரே கணத்தில் போயின. உள்ளே அமைப்பில் ஒரு குறையும் இல்லை. கம்பத்தை நாங்கள் பார்க்காமல் விட்டிருந்தோம். அதன்பின் இரண்டாவது இணைப்பைக் கட்டடத்தின் பின்பக்கத் தெருவழியாகக் கொண்டுவரச் செய்தோம். அப்படி முடியாத இடங்களில், இரண்டாவதாக அலைபேசி வலையமைப்பு வழியான இணைப்பை வைப்பது நல்லது.

பிறகு ஒரு விடுமுறை நாளில், ஒரு கணினியிலிருந்து வெளிமுகவரி ஒன்றுக்குத் தொடர் பிங் ஓடவிட்டு, கடிகாரத்தோடு அமருங்கள். பொறுப்பில் உள்ள ரூட்டரின் மின்கம்பியைப் பிடுங்குங்கள். எத்தனை பிங் தவறின என்று குறித்துக்கொள்ளுங்கள். மீண்டும் இயக்கி, திரும்பும்போது எத்தனை தவறின என்றும் குறியுங்கள். அடுத்து லேன் கேபிள். அதற்கு அடுத்து, மிகவும் இன்றியமையாத சோதனை: ஓ.என்.டி. பெட்டிக்கு மின்சாரம் இருக்கும்படி விட்டு, அதில் நுழையும் ஃபைபரை மட்டும் கழற்றுங்கள். கழற்றிய முனையைக் கண்ணுக்கு நேரே பிடிக்காதீர்கள், தூசு படாமல் மூடிவையுங்கள். கேபிளைப் பிடுங்கியபோது நான்கு விநாடியில் மாறி, இப்போது மாறவே இல்லை என்றால், ஈரோடு வாசகரின் நிலையில்தான் நீங்களும் இருக்கிறீர்கள். பல வி.லேன்கள் இருந்தால், மாற்றத்துக்குப் பின் எல்லாவற்றின் கேட்வேயும் ஒரே ரூட்டருக்கு வந்ததா என்று பாருங்கள். சில இங்கும் சில அங்குமாக நின்றால், போன வழியே பதில் வராததைக் கண்டு தீயரண் பொட்டலங்களைத் தடுக்கும். கீப்அலைவ்டியில் அவற்றை ஒரே ஒத்திசைவுக் குழுவில் சேர்த்தால் இது தீரும்.

ரூட்டரின் மென்பொருளைப் புதுப்பித்த ஒவ்வொரு முறையும் இதே வரிசையை மறுபடி செய்து, முன் குறித்த எண்களோடு ஒப்பிடுங்கள். கடைசியாக, இரண்டு ரூட்டர்களையும் ஒருசேர அணைத்து, பத்து நிமிடம் கழித்து ஒருசேர இயக்குங்கள். நீண்ட மின்வெட்டு முடியும்போது நடப்பது இதுவே. எது முதலில் எழுந்தாலும், பிரியெம்ப்ட் இயங்கும் அமைப்பில், தாமத நேரம் கழிந்தபின் 192.168.10.1ஐத் தாங்கி நிற்க வேண்டியது முன்னுரிமை 150 உள்ள ரூட்டர்.